கணிப்பொறி உலகின் போலி வைத்தியர்கள்

திருவிழாக் கூட்டத்தில்தான் ஜேப்படித் திருடனுக்கு வேலை அதிகம். கொடியேற்றத்தன்று எல்லாரும் கொடிமரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் நம் பைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். இன்டர்நெட்டிலும் இத்தகைய கூட்டங்கள் உண்டு, தோழியரே! உலகில் எங்காவது ஒரு பெரிய சம்பவம் நடந்துவிட்டால், கோடிக்கணக்கானோர் ஒரே வேளையில் ஒரே சொல்லைத் தேடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் புகுந்து கைவரிசை காட்டுவோரைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

அந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் உதாரணம். 2009 ஜூன் 25 அன்று பாடகர் மைக்கேல் ஜாக்சன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காலமானார். உடனே அவர் பெயரைத் தேடிக் குவிந்த கேள்விகளைக் கண்டு, யாரோ தன்னைத் தாக்குகிறார்கள் என்று கூகுள் நிறுவனத்தின் இயந்திரமே பயந்துவிட்டதாம்! சுமார் 25 நிமிட நேரம் அதன் செய்திப் பகுதியில் தேடியவர்களில் பலருக்கு விடைக்குப் பதிலாக மறுப்புதான் கிடைத்தது. மக்களின் துக்கத்தை வைரஸ் என்று எண்ணிவிட்டது பாவம்!

அடுத்த ஆண்டு, 2010 ஜனவரி 12 அன்று, ஹெய்ட்டி நாட்டைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸில் பேராலயம் இடிந்து விழுந்தது. பேராயர் ஜோசப் செர்ஜ் மியோ உயிரிழந்தார். மாண்டோரின் தொகை இலட்சத்தைத் தாண்டியது என்பர். உலகெங்கும் நல்ல மனம் படைத்தோர், "என்ன ஆயிற்று? எப்படி உதவலாம்?" என்று தேடினார்கள். அந்தச் சொற்களிலேயே கண்ணி வைக்கப்பட்டிருந்தது! உதவி செய்யப் போனவர்களின் திரையில், "உங்கள் கணிப்பொறியை வைரஸ் தாக்கியுள்ளது" என்ற எச்சரிக்கை தோன்றியது. வேடிக்கை பார்க்கப் போனவன் பணத்தை இழந்தாலாவது ஒருவாறு பொறுக்கலாம். தர்மம் செய்யப் போனவரின் கையையே பிடித்து முறுக்குவது என்ன நியாயம்?

இதை எப்படிச் செய்கிறார்கள்? மக்கள் மிகுதியாகத் தேடும் சொற்களின் பட்டியலைத் தேடுபொறி நிறுவனங்களே வெளியிடுகின்றன. கயவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு, ஒன்றும் அறியாத யாரோ ஒருவரின் வலைத்தளத்தின் பூட்டை உடைத்து உள்ளே நுழைந்து, அச்சொற்கள் நிறைந்த பக்கங்களை நூற்றுக்கணக்கில் அங்கே இயந்திரத்தைக் கொண்டு எழுதி வைக்கிறார்கள். அப்பக்கங்களுக்கு இரண்டு முகங்கள். தேடுபொறியின் இயந்திரம் வந்து பார்த்தால் செய்திக் கட்டுரை போலத் தெரியும். ஆகவே அது நம்பி முதல் வரிசையில் இடம் கொடுத்துவிடும். தேடுபொறியின் வழியாக நாம் வந்தாலோ வேறொரு தளத்துக்குத் தள்ளிவிடப்படுவோம். தளத்தின் சொந்தக்காரர் முகவரியை நேரே அடித்து வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். தம் வீட்டுத் திண்ணையில் திருடன் கடை விரித்திருப்பது அவருக்கே தெரியாது.

தள்ளிவிடப்பட்ட இடத்தில்தான் போலி வைத்தியர் காத்திருக்கிறார். கணிப்பொறியைப் பரிசோதிப்பது போல ஒரு பச்சைக் கோடு ஓடும். சிவப்பு எழுத்தில் வைரஸ்களின் பெயர்கள் வரிசையாக விழும். உண்மையில் அங்கே பரிசோதனை எதுவும் நடப்பதில்லை, அது வெறும் சித்திரம். ஆப்பிள் கணிப்பொறி வைத்திருந்தவர்களுக்கும் விண்டோஸ் கணிப்பொறியின் படத்தைக் காட்டி, "இதில் வைரஸ் இருக்கிறது" என்று சொன்ன கூத்தும் நடந்ததுண்டு! மாட்டு வைத்தியரிடம் ஆட்டைக் கொண்டுபோன கதைதான். "வேண்டாம்" என்ற பொத்தானை அழுத்தினாலும் சில பக்கங்களில் அதே மருந்துதான் வந்து இறங்கும். இறங்கிய பின் அது உண்மையான காவல் மென்பொருளை முடக்கிவிட்டு, நோய் தீரப் பணம் கட்டு என்று ஓயாமல் நச்சரிக்கும். பணம் கட்டக் கடன் அட்டை எண்ணைக் கொடுத்தால், அதுவும் போயிற்று.

கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 13 மாத காலத்தில் 24 கோடி வலைப்பக்கங்களை ஆராய்ந்து 2010-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். போலி ஆன்ட்டிவைரஸைப் பரப்பிய தளப்பெயர்கள் மட்டும் 11,000-க்கு மேல் இருந்தனவாம். 2011 ஜூன் மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பல நாட்டுப் போலீசாருடன் சேர்ந்து இக்கும்பல்கள் மீது நடவடிக்கை எடுத்தது. அவற்றுள் ஒரு கும்பல் மட்டும் 9,60,000 பேரை ஏமாற்றி 7 கோடியே 20 இலட்சம் டாலருக்கு மேல் சுருட்டியிருந்தது. சிலர் 129 டாலர் வரை கொடுத்து இல்லாத நோய்க்கு மருந்து வாங்கியிருக்கிறார்கள்!

இதெல்லாம் பழைய கதை, அமெரிக்கக் கதை என்று நானும் நினைத்திருந்தேன். 2025 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவின் மறுநாள், திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்த செய்தி பிற்பகலில் வந்தது. "போப்பாண்டவர் முகத்தை ஒரு தடவை காட்டுடி கண்ணு" என்றார் பாட்டி. அப்பாவின் கைப்பேசியை எடுத்துத் தேடினேன். ஒரு பக்கம் திறந்தது. படத்தைப் பார்க்க "அனுமதி" என்பதை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். படம் வரவில்லை. சற்று நேரத்தில், "உங்கள் கைப்பேசியில் 13 வைரஸ்கள்!" என்று அறிவிப்பு வந்தது. பிறகு மணிக்கு நாலைந்து தடவை வந்துகொண்டே இருந்தது.

அந்தக் கைப்பேசியில்தான் அப்பாவின் மளிகைக் கடை வரவுசெலவு முழுவதும் இருக்கிறது. பயத்தில் இரண்டு நாட்கள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பாவே பார்த்துவிட்டு, பழுது பார்க்கும் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். கடையில் இருந்த அண்ணன் சிரித்தார். "வைரஸ் ஒண்ணும் இல்லம்மா. அந்தத் தளம் அறிவிப்பு அனுப்பலாம்னு நீயே அனுமதி கொடுத்திருக்கே" என்று சொல்லி, அமைப்புப் பகுதியில் அந்த அனுமதியை நீக்கினார். ஒரு நிமிட வேலை. காசும் வாங்கவில்லை. எந்த வலைப்பக்கமும் தானாக நம் கைப்பேசிக்குள் புகுந்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க முடியாது என்பதை அன்றுதான் அறிந்தேன். அப்படிச் சொல்லும் பக்கத்தில் எந்தப் பொத்தானையும் தொடாமல் பக்கத்தையே மூடிவிட வேண்டுமாம். அறிவிப்பை நம்பி யாரேனும் பணம் கட்டிவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். அந்தத் துக்க நாட்களில் திருத்தந்தையின் பெயரை வைத்து மோசடி நடந்ததாகச் செக் பாயின்ட் என்ற கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்திருந்ததைப் பிற்பாடு படித்தேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "ரெண்டு நாளா ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாட்டி கேட்ட படம் எங்கள் பங்குக் கோயிலின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கைப்பிடித்து அழைத்துச் சென்று காட்டினேன்.