குர்து நாட்டு உலமாக்கள்

குர்துகள் என்றதும் ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி அவர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். 1187-ல் பைத்துல் முகத்தஸை மீட்ட அம்மாவீரரின் இனத்தில் தோன்றிய உலமாப் பெருமக்களை நம்மில் பலர் அறியோம். அவர்களுள் ஒருவருக்கு நாம் பிழைக்க வந்த இந்த மலாய்த் திசையோடு நெருங்கிய தொடர்புண்டு.

இன்றைய இராக்கின் வடகிழக்கே ஷஹ்ரஸூர் என்னும் குர்துப் பிரதேசம் இருக்கிறது. ஹதீஸ் கலையை 65 வகைகளாகப் பிரித்து விளக்கிய இப்னுஸ் ஸலாஹ் (வபாத் 1245) அப்பக்கத்தவரே. அந்தக் கிதாபை இமாம் நவவி அவர்கள் சுருக்கி எழுதினார்கள். ஷாபியீ மத்ஹபினராகிய நமக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அதே பிரதேசத்தில் 1616-ல் பிறந்தவர்கள் இப்ராஹீம் அல்கூரானி (ரஹ்) அவர்கள். பகுதாது, டமாஸ்கஸ், கெய்ரோ என்று ஊர் ஊராய்ச் சென்று ஓதி, முடிவில் மதீனாவில் தங்கி ஓதிக்கொடுத்தார்கள். சுமத்ராவின் ஆச்சே நாட்டிலிருந்து போன அப்துர் ரவூப் சிங்கிலி அவர்களும் அங்கே அவர்களிடம் ஓதினார்கள்.

அக்காலத்தில் ஆச்சே கலங்கிக் கிடந்தது. 1637-ல் அங்கு வந்த குஜராத் ஆலிம் நூருத்தீன் ரானீரி அவர்கள், ஹம்ஸா பன்ஸூரி, ஷம்ஸுத்தீன் ஆகியோரின் ஞான நூல்கள் வழிகேடு என்று பத்வாக் கொடுத்தார்கள். நூல்கள் கொளுத்தப்பட்டன. கொள்கையை விடாதவர்கள் கொல்லப்பட்டார்கள். இது தகுமா என்ற கேள்வி மதீனாவுக்குப் போயிற்று.

இத்திசை மாணவர்களை அரபிகள் ஜாவிகள் என்பார்கள். அவர்கள் கேட்டதற்காகவே கூரானி அவர்கள் 'இத்ஹாபுத் தகீ' என்னும் கிதாபை எழுதினார்கள். ஷரீஅத்தை விட்ட ஞானம் ஞானமல்ல என்று அதில் வற்புறுத்தினார்கள். ஆயினும், ஒருவன் சொல்லுக்கு வேறு பொருள் கொள்ள இடமிருக்கையில் அவனைக் காபிராக்கலாகாது என்பதே அவர்கள் நிலை. நம் கடைப் பற்றேட்டில் ஒரு வரி பிசகினாலும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகல்லவா கணக்கை முடிக்கிறோம்? ஈமானுக்கு அவ்வளவாவது விசாரணை வேண்டாமா?

1661-ல் ஊர் திரும்பிய அப்துர் ரவூப் அவர்களும், பிறரைக் காபிர் என்பதை எச்சரித்து எழுதினார்கள். ரானீரியின் பெயரைச் சொல்லி இகழவுமில்லை. குர்ஆன் முழுமைக்கும் மலாயில் 'தர்ஜுமானுல் முஸ்தபீத்' என்னும் தப்ஸீரைத் தந்தவர்களும் அவர்களே. ஆச்சே ஆற்றின் முகத்துவாரத்தில் அடங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று: மலாய்க்காரர் சூராவ்களில் ஓதும் பர்ஸன்ஜி மௌலூதை இயற்றிய ஜஃபர் அவர்களின் முன்னோரும் அந்த ஷஹ்ரஸூர்ப் பக்கமிருந்து மதீனா வந்தவர்கள்தாம்.