குளத்தூர்க் கயலுக்கு

அன்புள்ள கயல்,

எம்.எஸ்சி. தாவரவியல் முடித்தாயிற்று, பிஎச்.டி. செய்ய ஆசை, அப்பாவிடம் இனியும் காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கேட்காமலே படிக்க வழி இருக்கிறது. முழுநேர ஆய்வு என்பது மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யக்கூடிய வேலை. இதை முதலில் வீட்டில் சொல்லிவிடு.

அந்தப் பணம் பெரும்பாலும் இரண்டு வழியில் வரும். ஒன்று, உன் பெயரில் வருவது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நீயே கைடைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றொன்று பேராசிரியரின் புராஜெக்டிலிருந்து வருவது. நெட் இல்லாதவர்களுக்கும் அதில் இடம் கிடைப்பதுண்டு. ஆனால் புராஜெக்ட் முடிந்தால் பணமும் நின்றுவிடும். ஆகவே சேருமுன் கேள்: இன்னும் எத்தனை மாதம் பாக்கி? இதிலிருந்தபடியே பிஎச்.டி. பதியலாமா? சம்பளம் மாதாமாதம் வருகிறதா? நான் ஒரு புராஜெக்டில் சேர்ந்தபோது இதையெல்லாம் கேட்க எனக்கு நா எழவில்லை. எட்டு மாதம் சம்பளம் வராமல் உன் பாட்டியின் தோடு அடகுக்குப் போனது.

விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்காதே. பேராசிரியருக்கு நீயே எழுது. கணித மேதை ராமானுஜன் அப்படித்தான் எழுதினார். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா, பட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜில் முன்பு அணுகியவர்களால் பயனில்லை. 1913 ஜனவரி 16 அன்று அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தோடு தான் கண்டுபிடித்த சூத்திரங்களைப் பக்கம் பக்கமாக இணைத்தார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தார் என்று அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தைப் படித்தவரை அசைத்தது இணைத்திருந்த வேலைதான்.

உன்னிடமும் வேலை இருக்கிறது. நம்மூர்க் குளங்களில் தண்ணீர் ஏறும்போதும் வற்றும்போதும் எந்தச் செடி முளைக்கிறது என்று மூன்று வருடமாக எழுதிவரும் நோட்டு! நீர்த்தாவரங்களில் ஆய்வு செய்கிறவர்கள் யார் என்று தேடு. ஒவ்வொருவரும் சமீபத்தில் எழுதிய இரண்டு கட்டுரையையாவது படி. பிறகு ஒரே பக்கத்தில், அவர் கட்டுரையில் உனக்கு எழுந்த கேள்வியையும் உன் நோட்டில் கண்டதையும் எழுது. ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் நாற்பதும் குப்பைக்குப் போகும். திருச்சி போகும் வழியிலேயே பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இறங்கி நேரிலும் கேள். கைடிடம் ஏற்கெனவே ஆய்வு செய்கிற பிள்ளைகளிடம் தனியாகப் பேசாமல் எதற்கும் சம்மதிக்காதே.

வெளிநாட்டு ஆசையும் இருக்கிறது என்றாய். ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடனில் பிஎச்.டி. இடங்களைப் பலவேளை வேலை விளம்பரமாகவே போடுவார்கள். தேர்வானால் ஊழியர் ஒப்பந்தம். அமெரிக்காவில் வழக்கமாகத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடம் நடத்த உதவியோ ஆய்வில் உதவியோ செய்தால் கட்டணமும் தள்ளுபடியாகும், கைச்செலவுக்கும் பணம் வரும். இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடு.

முதல் கடிதத்தை எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். நோட்டின் ஐந்தாறு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
சித்தி