மாதிரிப் புட்டி தூக்கும் தம்பிக்கு



மாவட்டக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். வேதியியல் படித்தவன் மருந்து கம்பெனிக்குப் போகாமல் தண்ணீர் பார்க்கப் போகிறானே என்று வீட்டில் குறைப்பட்டுக்கொள்கிறார்களாம். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, முதல் மாதச் சம்பளம் சொல்லிக்கொள்ளும். இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் உனக்கு மட்டும் சில விஷயங்கள் எழுதுகிறேன். கேட்காமலே அறிவுரை சொல்வது ஓய்வூதியத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சலுகை.

டைட்ரேஷன், கலங்கல் மீட்டர், இன்குபேட்டர் எல்லாம் மூன்றே மாதத்தில் கைக்கு வந்துவிடும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தராத கேள்வி வேறு. நீ கையெழுத்துப் போட்ட தாள் யார் கைக்குப் போகிறது, எத்தனை மணி நேரத்தில் போகிறது?

இது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரிய, கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து வாக்கர்ட்டன் என்ற சிற்றூரின் கதையைத் தெரிந்துகொள். ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஜனம். 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே அடைமழை. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த கிணறுகளில் ஐந்தாம் எண் கிணறு ஆழம் குறைந்தது. பக்கத்துப் பண்ணையில் போட்டிருந்த மாட்டு எரு மழையில் கரைந்து அதற்குள் இறங்கியது. எருவோடு ஈ.கோலை ஓ157 என்ற கிருமியும் போனது. தண்ணீரில் போதிய குளோரின் இருந்திருந்தால் அது செத்திருக்கும். இல்லை. ஏழு பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள்.

பிறகு நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் விசாரித்து 2002இல் அறிக்கை கொடுத்தார். நம் தொழிலில் இருப்பவர்கள் அதில் தேதிவாரியாகப் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. மே 15 அன்று எடுத்த மாதிரியில் கிருமி இருப்பதை ஒரு தனியார் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்து 17ஆம் தேதியே ஃபேக்ஸில் தெரிவித்துவிட்டது. தெரிவித்தது தண்ணீர் விடுகிற நிர்வாகத்துக்கு மட்டும். சுகாதார அதிகாரிக்குப் போகவில்லை, சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் போகவில்லை. 19ஆம் தேதி, சற்றுத் தள்ளியிருந்த நகரத்தின் குழந்தை மருத்துவர் ஒருவர், தன்னிடம் வந்த இரண்டு குழந்தைகளும் வாக்கர்ட்டன்காரர்கள் என்பதைக் கவனித்துச் சுகாதாரப் பிரிவுக்குப் போன் செய்தார். சுகாதாரப் பிரிவு குடிநீர் நிர்வாகத்தைக் கேட்டது. தண்ணீரில் கோளாறு இல்லை என்று பதில் வந்தது. ஃபேக்ஸ் அப்போது அலுவலகத்திலேயே கிடந்தது. மறுநாளும் கேட்டார்கள், மறுநாளும் அதே பதில். பொறுக்க முடியாமல் அந்த நிர்வாகத்து ஊழியர் ஒருவர் பெயர் சொல்லாமல் அமைச்சகத்துக்குப் போன் போட்டார். காய்ச்சிக் குடியுங்கள் என்ற அறிவிப்பு 21ஆம் தேதிதான் வந்தது. 17ஆம் தேதி முடிவு உரிய இடத்துக்குப் போயிருந்தால் 300 முதல் 400 பேர் வரை நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்று கணக்கிட்டார் நீதிபதி.

அந்த ஆய்வுக்கூடம் தன் சோதனையைச் சரியாகத்தான் செய்தது. முடிவு, பணம் கொடுத்த வாடிக்கையாளருக்கு மட்டும் உரிய ரகசியம் என்று அவர்கள் எண்ணினார்கள். 1996இல் மாகாண அரசு தன் ஆய்வுக்கூடங்களில் நடந்துவந்த இந்தச் சோதனையை நிறுத்தித் தனியாரிடம் விட்டபோது, கெட்ட முடிவு வந்தால் சுகாதார அதிகாரிக்கும் சொல்லியே தீர வேண்டும் என்று விதி எழுத மறந்துவிட்டது. சாவுகளுக்குப் பிறகு, 2000 ஆகஸ்டில்தான் அந்த விதி வந்தது.

இனி நம் பக்கம் வா. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கட்டிக் கொடுப்பது குடிநீர் வடிகால் வாரியம், அது நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ். ஊருக்குள் தொட்டியும் தெருக்குழாயும் ஊராட்சியின் பொறுப்பு, அது ஊரக வளர்ச்சித் துறை. பேதி வந்தவனுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பது சுகாதாரத் துறை. ஆற்றில் சாயக்கழிவு விடுகிறவனைக் கேட்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தண்ணீர் ஒன்று, அதற்கு நான்கு அலுவலகம். உன் தாள் இவற்றுக்குள் ஏதாவது ஒரு தபால் பையில் தூங்கிவிட்டால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாரிடமும் 'அனுப்பப்பட்டது' முத்திரை இருக்கும். தாளை அனுப்புவதோடு போனும் செய் என்று சொல்வது அதனால்தான். ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. இருந்துவிட்டால் ஊராட்சித் தலைவர், பி.டி.ஓ., ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மூவருக்கும் அன்றைக்கே பேசு. பேசிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவை. மேலதிகாரி வழியாகத்தான் போக வேண்டும் என்பார்கள். போகட்டும், அவரிடமும் அன்றைக்கே சொல்.

போன் ஒருவழிப் பாதையாக இருக்கக் கூடாது. வாக்கர்ட்டனில் முதலில் சந்தேகப்பட்டவர் மருத்துவர். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குழந்தைகள் உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தொட்டியை ஏறிப் பார்த்தார்கள். தொட்டியில் மலம் கலந்தது யார், ஏன் என்பது நம் சோதனைக் குழாய்க்குள் அடங்குகிற விஷயம் இல்லை. ஆனாலும் உடம்பு முதலில் சொன்னது, ஆய்வு பின்னால் வந்தது என்ற வரிசையைக் கவனி. அதே ஆண்டு ஜூலையில் காரைக்காலில் காலரா வந்து பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். அங்கேயும் ஆஸ்பத்திரிப் படுக்கைகள் நிரம்பிய பிறகுதான் குழாய்க் கசிவைத் தேடி ஓடினார்கள். எனவே கிராம சுகாதாரச் செவிலியரைப் பழக்கம் பிடித்துக்கொள். எந்தத் தெருவில் இந்த வாரம் இரண்டு மூன்று வீட்டில் பேதி என்பது உன் கருவிக்குத் தெரிவதற்கு முன்னால் அந்த அம்மாவுக்குத் தெரியும்.

மாதிரி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பாதிப் பொய் அங்கேதான் பிறக்கிறது. உன்னை அழைத்துப் போகிறவர் நேராக மேல்நிலைத் தொட்டியின் அடியில் இருக்கும் குழாயைக் காட்டுவார். நிழல் இருக்கும், நாற்காலி போடுவார்கள், டீயும் வரும். டீயைக் குடி. அங்கே ஒரு மாதிரியும் எடு. அதோடு கிளம்பிவிடாதே. கடைக்கோடித் தெருவுக்குப் போ. நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. வால்வை மூடியதும் குழாய் காலியாகி, பக்கத்துச் சாக்கடை நீரை விரிசல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. தொட்டியடியில் சுத்தமாக இருந்த தண்ணீர் கடைசி வீட்டில் நாறுவது இப்படித்தான். தண்ணீர் விட்ட முதல் சில நிமிடங்களில் வருவதையும் பார். தனித் தொட்டி வைத்த காலனி உன் பட்டியலில் இருக்கிறதா என்று நீயே பட்டியலைப் புரட்டு.

அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரத்தில் 2014இல் ஆற்று நீருக்கு மாறியபின் குழாய்களின் ஈயம் தண்ணீரில் கரைந்தது. மாதிரி எடுப்பதற்கு முன்னால் குழாயைத் திறந்து ஓடவிடுங்கள் என்று வீடுகளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஓடவிட்டால் ஈயமும் ஓடிவிடும், தாளில் எண் அழகாக வரும். போதாதென்று, அளவு அதிகமிருந்த இரண்டு மாதிரிகளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை வெளியே சொன்னவர் மோனா ஹன்னா-அத்திஷா என்ற குழந்தை மருத்துவர். அங்கேயும் பார், மருத்துவர்தான்.

கிருமிச் சோதனைக்கான புட்டியில் சோடியம் தயோசல்ஃபேட் போட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள். இல்லையென்றால் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், நீ 'கிருமி இல்லை' என்று எழுதுவாய். குழாய் முனையைச் சுட்டுவிட்டு எடு. ஐஸ் பெட்டி இல்லாமல் பஸ்ஸில் மாதிரி வருகிறது என்றால் அதைத் திருப்பி அனுப்பு. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் மே மாத வெயிலில் மறந்துபோகும்.

அடுத்தது குளோரின் பதிவேடு. எந்தத் தொட்டிக்குப் போனாலும் கேட்டு வாங்கிப் பார். ஒரு மாதம் முழுக்க 0.2, 0.2, 0.2 என்று ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும். வாக்கர்ட்டன் பதிவேட்டில் 0.5 அல்லது 0.75 என்று இரண்டே எண்கள்தான் மாறி மாறி இருந்தன. அவை அளந்து எழுதியவை இல்லை. குளோரின் நாற்றம் பிடிக்கவில்லை என்று ஊர்க்காரர்கள் குறைசொன்னார்கள். இயக்கியவர்களுக்கோ கிணற்றுத் தண்ணீர் அப்படியே நல்லது என்று நம்பிக்கை, தாங்களும் அதைத்தான் குடித்தார்கள். நம் டேங்க் ஆபரேட்டரும் அதே தண்ணீரைக் குடிக்கிறவர்தான். அவரைத் திட்டாதே. வாங்குகிற சம்பளத்துக்கு அவர் ஏணியில் ஏறுவதே பெரிய விஷயம். பிளீச்சிங் பவுடர் மூட்டை எப்போது வந்தது, வாய் கட்டி வைத்திருக்கிறதா என்று கேள். புதுப் பவுடரில் 33 சதவீதம் அளவுக்குக் குளோரின் இருக்கும். திறந்து போட்டு மழைக்காலம் கடந்த மூட்டையில் அது சுண்ணாம்புதான். அவர் அளந்து போட்டதும் உண்மை, தண்ணீரில் குளோரின் இல்லாததும் உண்மை. குளோரோஸ்கோப்பில் மஞ்சள் வரவில்லை என்றால் ஆளைச் சந்தேகிக்கும் முன் மூட்டையைச் சந்தேகப்படு.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்கள் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். படித்தவர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். நீ சிரிக்காதே. புட்டியில் தண்ணீரை ஊற்றி வீட்டு மூலையில் வைத்து, அது கறுத்துப்போனதும் உன்னைக் கூப்பிடுகிற ஒருத்தி, மாவட்டத் தலைநகரில் இருக்கும் உன் இன்குபேட்டரைவிட அந்தத் தெருவுக்கு அருகில் இருக்கிறாள்.

தரக்கோட்டைப் பற்றி ஒன்று. ஐ.எஸ். 10500 உன் மேஜையில் இருக்கும். அதில் இரண்டு எண்கள். முதலாவது ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீராதாரமே இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளும் அளவு. ஃப்ளோரைடுக்கு 1.0, 1.5. கரைந்த உப்புகளுக்கு 500, 2,000. நைட்ரேட்டுக்கு 45, அதில் சலுகையே கிடையாது. 'வேறு வழி இல்லாவிட்டால்' என்ற நிபந்தனையை விழுங்கிவிட்டு இரண்டாவது எண்ணையே விதியாக்கிக்கொள்வது நம் அலுவலகங்களின் பழைய வழக்கம். பாட்டிலில் அடைத்து விற்கும் தண்ணீருக்குத் தரம் சட்டப்படி கட்டாயம். ஏழை குடிக்கிற குழாய்த் தண்ணீருக்கு அதே தரம் கட்டாயம் இல்லை. இது அநியாயம் என்பது என் கருத்து, அதை யாரிடமும் மறைத்ததில்லை. கைவசம் சட்டமே இல்லை என்றும் நினைக்காதே. 1939ஆம் ஆண்டின் மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. குடிநீர் தருவதை உள்ளாட்சியின் கடமையாக அது வைக்கிறது. படித்துவை.

ஃப்ளோரைடு விவகாரம் தனி ரகம். கிருமி மூன்று நாளில் ஆளைக் காட்டிக்கொடுக்கும், ஃப்ளோரைடு முப்பது வருடம் எடுத்துக்கொள்ளும். முதலில் பல்லில் பழுப்புக் கறை, பிறகு மூட்டு விறைப்பு, பிறகு முதுகு வளைவு. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மக்களை முடக்கிய இந்த நோய்க்குக் கிணற்று நீரின் ஃப்ளோரைடுதான் காரணம் என்று கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் எழுதியது 1937இல். அதே ஃப்ளோரைடு வாட்டிய தருமபுரி, கிருஷ்ணகிரிக்குக் காவிரியைக் கொண்டுவந்த ஒகேனக்கல் திட்டம் திறக்கப்பட்டது 2013இல். இடையில் 76 வருடம். காவிரி வந்த பிறகும், வரத்துக் குறைகிற நாளில் அதே தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றிக் கலந்துவிடுவது உண்டு. திட்டம் வந்துவிட்டது என்று மாதிரி எடுப்பதை நிறுத்தினால் உனக்கு இது தெரியவே தெரியாது.

அறிக்கையில் 'குடிக்க உகந்ததல்ல' என்று மட்டும் எழுதி முடிக்காதே. ஊராட்சித் தலைவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டு வரி எழுது. கிருமியா, காய்ச்சச் சொல், தொட்டியைக் கழுவிக் குளோரின் ஏற்றச் சொல், மறுமாதிரிக்கு நாள் குறி. ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ என்றால் காய்ச்சச் சொல்லவே சொல்லாதே. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். பச்சைக் குழந்தைக்குப் பால் கரைக்கும் வீட்டில் நைட்ரேட் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்வதைவிடச் சும்மா இருக்கலாம்.

எண்ணைக் கொஞ்சம் இறக்கிப் போடு என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். திறப்பு விழா இருக்கும், அமைச்சர் வருவார். மாட்டேன் என்று சண்டை போட வேண்டாம். "மறுமாதிரி எடுத்துவிடுவோம் சார், நீங்களும் வாருங்கள்" என்று சொல். பெரும்பாலும் வர மாட்டார்கள். முதல் முடிவைப் பதிவேட்டில் மையால் எழுதிவிட்ட பிறகே இதைச் சொல்.

இந்தக் கடிதத்தை மடித்து வைக்கும் முன் ஒரு வேலை செய். உன் எல்லைக்குட்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவர்கள் எண்களை வாங்கி, உன் எண்ணை ஒவ்வொரு நிலையத்திலும் புறநோயாளிச் சீட்டு எழுதும் மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டு வா. 'ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் பேதியென்று வந்தால் கூப்பிடவும்' என்று அதன் கீழே எழுது. இந்த வாரமே போ.

அன்புடன்,
உன் அண்ணன்