சத்திய அணுவிரதமும் வழக்கறிஞர் அறமும்



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இரண்டாவது சத்தியம். வழக்கறிஞர் தொழிலில் இருந்துகொண்டு இவ்விரதத்தைக் காக்க இயலுமா என்று சட்டம் பயிலும் நம் இளைஞர்கள் கேட்பதுண்டு. அவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஓர் உதாரணம் கொள்வோம். பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் உழவர் ஒருவருக்கு வரப்புத் தகராறு. வெங்காயம் விற்ற பணத்தையும் கிரயப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்கு வந்து ஒரு வழக்கறிஞரை நாடுகிறார். பணத்தையும் பத்திரத்தையும் மட்டுமன்றித் தம் குடும்பத்து இரகசியங்களையும் அவரிடம் ஒப்படைக்கிறார். சட்டத்தின் மொழி அவர் அறியாதது. நம்பிக்கை ஒன்றே அவருக்குத் துணை. அந்நம்பிக்கையைக் காப்பது எப்படி?

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் சத்திய விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறியுள்ளார். அதிசாரமாவது விரதத்தில் நேரும் பழுது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளோடு அவ்வைந்தையும் ஒப்பிட்டு நோக்குவோம்.

1. மித்தியோபதேசம்: பிறரைத் தவறான வழியில் செலுத்தும் உபதேசம். தோற்கும் வழக்கை வெல்லும் வழக்கென்று கூறுதலும், சமாதானமாகத் தீரக்கூடியதை நீதிமன்றத்திற்கு இழுத்தலும் இதன்பாற்படும். வழக்கைத் தூண்டிவிடுதல் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி. வெற்றி பெற்றால் சொத்தில் இவ்வளவு பங்கு என்று கட்டணம் பேசுவதும் கூடாது. ஆதாயத்தில் பங்குடையவர் கூறும் அறிவுரை நடுநிலையாக இராது அன்றோ?

2. இரகோப்பியாக்கியானம்: பிறர் தனிமையில் செய்தவற்றை வெளியிடுதல்.

3. சாகாரமந்திரபேதம்: பிறருடைய முகக்குறிப்பாலும் செய்கையாலும் உள்ளக் கருத்தை அறிந்து அம்பலப்படுத்துதல். கட்சிக்காரர் கூறியதை வெளியிடலாகாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு விதித்தது. அச்சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 132ஆம் பிரிவும் அவ்வாறே விதிக்கிறது. ஆயினும் சட்டவிரோதச் செயலுக்குத் துணை வேண்டிக் கூறப்பட்டதற்கு இப்பாதுகாப்பு இல்லை.

4. கூடலேகக்கிரியை: ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் எழுதி வைத்தல். முன்தேதியிட்ட பத்திரமும் பொய்யான பிரமாண வாக்குமூலமும் இவ்வகையின.

5. நியாசாபகாரம்: அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல். வைத்தவர் தொகையை மறந்து குறைத்துக் கேட்க, 'ஆம், அவ்வளவே' என்று கொடுத்து மிகுதியை வைத்துக்கொள்வதும் இதுவே என்று உரையாசிரியர் விளக்குவர். கட்சிக்காரரின் பணத்திற்கு வழக்கறிஞர் கணக்கு வைக்க வேண்டும் என்பது விதி. கட்டணம் பாக்கி என்பதற்காக வழக்குக் கட்டுகளைத் திருப்பித் தர மறுக்கலாகாது என்று 2000ஆம் ஆண்டில் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்வறம் பிறழ்ந்தால் விளைவது யாது? தமிழகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற ரங்கதுரை – கோபாலன் வழக்கு இதனை விளக்கும். பிராமிசரி நோட்டுகளின் பேரில் வழக்குத் தொடரும்படி, செவிப்புலன் குன்றிய முதியவர் ஒருவர் ஒரு வழக்கறிஞரை நம்பியிருந்தார். வழக்கே தாக்கலாகாதிருக்க, தாக்கலாயிற்று என்றும், விசாரணைத் தேதி இன்னது என்றும், பின்னர்த் தீர்ப்பாயிற்று என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. மாநில பார் கவுன்சில் ஆறாண்டுகள் தொழில் செய்யத் தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதனை ஓராண்டாகக் குறைத்தது. 1978இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்பின்வழி, 1979 ஆகஸ்டு 14 வரை தடை எனவும், அதன்பின் ஓராண்டு தமிழகத்தில் இலவச சட்ட உதவிப் பணி செய்ய வேண்டும் எனவும், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் தர வேண்டும் எனவும் கட்டளையிட்டது. நீதிபதி ஏ.பி. சென் இத்தணிவை ஏற்கவில்லை. எளியோரை வஞ்சித்தவர் எளியோர்க்கே தொண்டு செய்து தம்மைத் திருத்திக்கொள்ளுதல் நம் ஆகமங்கள் கூறும் பிராயச்சித்தத்தை நினைவூட்டுகிறதன்றோ?

இனி ஓர் ஐயம். குற்றம் செய்தவருக்காக வாதிடுதல் பொய்யாகாதா? ஆகாது. ஒரு பொருளைப் பல நோக்கில் ஆராய்ந்தே உண்மை தெளிய வேண்டும் என்பது அநேகாந்தம். ஒரு தரப்பின் நோக்கை எடுத்துரைப்பது வழக்கறிஞர் கடமை; இரு தரப்பையும் சீர்தூக்குவது நீதிபதி கடமை. வாதம் வேறு, பொய்ச் சான்று வேறு. தீய வழியில் செல்ல வற்புறுத்தும் கட்சிக்காரரைத் தடுக்க முயலவும், அவர் கேளாவிடில் அவருக்காக வாதிட மறுக்கவும் வழக்கறிஞரை விதிகளே பணிக்கின்றன.

இங்கே நாம் நம்மையும் சோதித்துக்கொள்ள வேண்டும். செட்டிகுளத்து உழவரே, "வரப்பை நேரில் பார்த்ததாகச் சொல்ல ஓர் ஆள் தயார் செய்யுங்கள்" என்று கேட்டால் பழி யாருடையது? கிருதம், காரிதம், அனுமோதனம் என மூன்று கூறுவர் நம் ஆசாரியர். செய்தவர்க்கும், செய்வித்தவர்க்கும், உடன்பட்டவர்க்கும் வினைக்கட்டு உண்டு. பொய்யை விலைகொடுத்து வாங்குவோர் இருக்கும்வரை விற்போரும் இருப்பர். "உள்ளதைச் சொல்கிறேன், உள்ளதைக் கொண்டே வாதிடுங்கள்" என்று கூறும் கட்சிக்காரரே நேர்மையான வழக்கறிஞருக்குப் பெருந்துணை. நம் இளைஞர்கள் தயங்காமல் இத்தொழிலை மேற்கொள்ளலாம், விரதத்தோடு மேற்கொள்க.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. சத்திய விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தும் யாவை?
2. வெற்றியில் பங்கு கேட்டல் எவ்வாறு மித்தியோபதேசத்திற்கு வழியாகும்?
3. பங்காளிகளுக்குள் சொத்துத் தகராறு எழுந்தால், நீதிமன்றம் செல்லுமுன் நம் குடும்பத்தார் செய்யத்தக்கது யாது?