எதிர்ப்பக்கம் வாக்களித்தவர்களின் வீட்டில்

அன்பு மகளுக்கு,

கட்சிப் பிரசார அலுவலகத்தில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று தம்பி போனில் சொன்னான். பெரியம்மாவுக்கும் எனக்கும் பெரிய சந்தோசம். வாக்காளர்களைக் கூட்டி இருத்திக் கதைக்கவைக்கும் வேலை என்றும் சொன்னான். அப்படியென்றால் நீ பிலிப் கூல்டை வடிவாக அறிந்திருக்க வேண்டும். உன்னுடைய அலுவலகத்தில் அவருடைய பெயர் அடிக்கடி அடிபடும். அவர் எப்படி வேலை செய்தார் என்று இருந்து சொல்ல அங்கே எவருக்கும் நேரம் இராது. அதனால்தான் எழுதுகிறேன்.

கூல்ட் லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள வோக்கிங்கில் வளர்ந்தவர். பதினொரு வயதுச் சோதனையில் தவறி, ஒரேயொரு ஓ லெவல் பாடத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பல்கலைக்கழகமெல்லாம் பிறகுதான். விளம்பரத் தொழிலில் இருந்துவிட்டு, 1980களின் நடுவில் கட்சியின் பிரசாரப் பொறுப்பாளராக இருந்த பீற்றர் மண்டெல்சனோடு சேர்ந்து பிரித்தானியத் தொழிற்கட்சியின் பிரசாரத்தைத் திருத்த வந்தார். வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள், பிள்ளை தன்னைவிட ஒரு படி மேலே போகவேண்டும் என்று உழைக்கிறவர்கள், இவர்கள்தான் அவர் வளர்ந்த அயல். இவர்களைக் கட்சி மறந்துவிட்டது என்பதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

1992 ஏப்ரலில் தொழிற்கட்சி தொடர்ச்சியாக நான்காவது தேர்தலிலும் தோற்றது. கருத்துக்கணிப்புகளை நம்பி, நீல் கின்னொக் பிரதமராகிவிடுவார் என்று எங்கள் வீடுகளிலும் நினைத்திருந்தோம். கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜோன் மேஜர் 21 ஆசனப் பெரும்பான்மையோடு திரும்பி வந்தார். தோற்ற பிரசாரத்தில் முன்னுக்கு நின்ற கூல்ட் அந்த வருடமே அமெரிக்காவில் லிட்டில் றொக் போய், பில் கிளின்ரனின் தேர்தல் அலுவலகத்தில் சேர்ந்து வேலை பார்த்தார். எதிராளியின் குற்றச்சாட்டுக்கு அன்றைக்கே பதில் சொல்லுவது, ஒரே செய்தியை விடாமல் சொல்லுவது எல்லாவற்றையும் அங்கே பார்த்துவிட்டு வந்தார். அதைப்பற்றிப் புத்தகங்கள் கனக்க இருக்கின்றன, நீயே படிப்பாய்.

நான் சொல்ல வந்தது அவருடைய போகஸ் குறூப்புகளைப் பற்றி. முன்பு கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்குப் போட்டு, இப்போது மனம் தளம்புகிற எட்டுப் பேரளவில் யாரோ ஒருவருடைய வரவேற்பறையில் கூடுவார்கள். கட்சிக்காரர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கூல்ட் நடுவில் இருப்பார். கேட்டுக் குறித்துக்கொண்டு எழும்பிப் போகிறவர் அல்லர் அவர். சொன்னதை மறுத்துக் கதைப்பார், திருப்பிக் கேட்பார், வாதாடுவார். தாங்கள் சொன்னதை அவர்களே இன்னொருமுறை நினைத்துப் பார்க்கவேண்டிவரும். 1997 தேர்தலில் வீடுவீடாகக் கொடுத்த ஐந்து வாக்குறுதி அட்டையையும் இப்படிப்பட்ட குழுக்களிடம் காட்டிப் பார்த்துத்தான் இறுதி செய்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் 30 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. கேட்பவர் எண்ணிப் பார்க்கக்கூடிய வாக்குறுதி அது. மே 1ஆம் திகதி தொழிற்கட்சிக்கு 418 ஆசனங்கள் கிடைத்தன.

வென்ற பிறகும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. 2000இல் அவர் பிரதமர் ரொனி பிளேயருக்கு எழுதிய குறிப்புகள் பத்திரிகைகளுக்குக் கசிந்தன. கட்சி தனக்கு வைத்துக்கொண்ட புதிய தொழிற்கட்சி என்ற பெயரே கெட்டுப்போய்விட்டது என்று அதிகாரத்தின் உச்சியில் இருந்த ஒருவருக்கு நேரே எழுதியிருந்தார். உன்னுடைய அறிக்கைகளை இந்தத் துணிவோடு எழுது. அறையில் ஒரு பெண் சொன்ன கடுஞ்சொல் மேசைக்கு மேசை போகும்போது மெதுமெதுவாய் இனிப்பாகிவிடும். உன் கையில் அது இனிக்கக்கூடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மக்கள் சொல்வதைக் கேட்டுக்கேட்டே கட்சி முதுகெலும்பை இழந்தது என்று கூல்டைக் குறை சொன்னவர்கள் பலர். முழுவதையும் நான் ஏற்கமாட்டேன். முழுவதையும் தள்ளவும் என்னால் முடியாது. பிளேயரின் அரசாங்கம்தான் 1999இல் அகதிச் சட்டத்தைக் கொண்டுவந்து, அடுத்த வருடம் அகதி விண்ணப்பக்காரருக்குக் காசுக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தது. நான் அப்போது ஒரு சூப்பர்மார்க்கற்றில் காசு வாங்குகிற இடத்தில் இருந்தேன். மிச்சக் காசு கொடுக்கக்கூடாது என்பது விதி. எங்கள் பெடியன் ஒருவன் வவுச்சரில் உள்ள தொகைக்குச் சரியாக வரட்டும் என்று ஒரு பாண், ஒரு தகரப் பருப்பு, ஒரு வெங்காயம் என்று எடுத்தும் வைத்தும் நின்றான். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது. 2002இல் அந்த முறையை நிறுத்தினார்கள். வவுச்சர் முறையைக் கூல்டின் தலையில் போட எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் வரவேற்பறைகளில் வந்தேறிகளைப் பற்றி என்ன பேசப்பட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நாளைக்கு உனக்கு முன்னாலேயே அதைச் சொல்லுவார்கள். எழும்பிப் போகாதே. முழுக்கக் கேள். ஆஸ்பத்திரியில் காத்திருந்த கதை, வீடு கிடைக்காத கதை, எது உள்ளே இருக்கிறதோ அது வெளியே வரும்வரை கேள். பிறகு கூல்ட் செய்ததுபோல வாதாடு. தலைவருக்கு எழுதும்போது அந்தக் கோபத்தின் காரணத்தை எழுது. அந்தக் கோபத்தையே கொள்கையாக்கச் சொல்லி ஒருநாளும் எழுதிவிடாதே.

2008 தொடக்கத்தில் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரியவந்தது. சத்திரசிகிச்சை, மருந்து, மறுபடி நோய் என்று ஏறக்குறைய நாலு வருடம். அதற்கிடையில் கட்சியைப் பற்றித் தான் முன்பு எழுதிய புத்தகத்தைத் திருத்தி, கூட்டி எழுதி 2011இல் வெளியிட்டார். குணமாகாது என்று தெரிந்த பிறகு, தன்னுடைய கல்லறை அமையப்போகும் ஹைகேற் மயானத்து இடத்திலேயே நின்று படம் எடுப்பித்தார். சாவைப்பற்றியும் அவர் பூசி மெழுகவில்லை; உள்ளதை உள்ளபடியே எழுதினார். 2011 நவம்பர் 6ஆம் திகதி, 61 வயதில் காலமானார்.

அந்த 2011 பதிப்பு என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வா, எடுத்துத் தருகிறேன். 1992 தோல்வியைப் பற்றிய பகுதியில் அடையாளம் வைத்திருக்கிறேன். வேலை தொடங்க முன்னர் அதை மட்டுமாவது படித்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா