தாயின் மனமும் மகனின் சிகிச்சையும்

கேள்வி: என் 8 வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) என்று மருந்தும் நடத்தைப் பயிற்சியும் தொடங்கியிருக்கிறோம். சில மாதங்களாக எனக்குத் தூக்கமில்லை. எதிலும் மனம் ஒட்டவில்லை. என் சோர்வு அவன் தேறுவதைக் கெடுக்குமா?

சகோதரி, மகனை அடுத்த முறை அழைத்துச் செல்லும்போது உங்கள் சோர்வையும் வைத்தியரிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அவனுடைய குறைக்கு நீங்கள் காரணமல்ல. அது பெரும்பாலும் பரம்பரையைச் சார்ந்தது. ஆயினும், வட அமெரிக்காவில் 579 குழந்தைகளுக்கு 14 மாத காலம் சிகிச்சை அளித்து 1999-இல் முடிவுகளை வெளியிட்ட பேராய்வைப் பின்னர் நுணுகி ஆராய்ந்தபோது, பெற்றோரிடத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் மிகுந்திருந்த இல்லங்களில், கவனமாக மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குங்கூடப் பலன் குறைவாகவே கிட்டியது தெரியவந்தது.

மருந்தை வேளை தவறாமல் கொடுப்பதும், நற்செயலை அந்த க்ஷணமே கண்டு பாராட்டுவதும், இன்று விதித்த நியமத்தை நாளையும் மாற்றாமல் நடத்துவதும் பெரும்பாலான வீடுகளில் தாயின் தெம்பையே நம்பியிருக்கின்றன அல்லவா? அதே ஆய்வில், மருந்தும் பயிற்சியும் சேர்ந்து பெற்ற குடும்பங்களில், பெற்றோரின் கடுமை எங்கே தணிந்ததோ அங்கே பிள்ளைகளின் நடத்தை பள்ளியிலும் சீர்பட்டது. இது எனக்குப் பெரிய ஆறுதலாகப் படுகிறது.

மனச்சோர்வு சிகிச்சைக்கு இணங்கும் பிணி. நீங்கள் தேறும்வரை காலை மாத்திரையையும் வீட்டுப்பாடத்தையும் உங்கள் கணவர் ஏற்கட்டும்; நீங்கள் தினமும் கால் மணி நேரம், எதையும் திருத்தாமல், அவனோடு விளையாடினால் போதும். சிறுவயது முதலே உங்களுக்கும் மறதியும் பரபரப்பும் உண்டென்றால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். தாய்க்கும் இக்குறை இருந்தால் பயிற்சியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.