கந்தோர்க் கணினி பேணலும் பிழை தேர்தலும்

எமது கல்லூரியை விட்டு நீங்கிய மாணவருட் பலர் இன்று வங்கிகளிலும் வணிக நிலையங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமையாற்றுகின்றனர். அவருட் கணினித் துறையை முறையாகக் கற்றவர் சிலரே. ஆயினும், "உமக்குத்தானே கணினி கொஞ்சம் தெரியும்" என முகாமையாளர் ஒருநாட் கூறிவிட, அன்று முதல் நிலையத்தின் வழங்கிக் கணினி அவர் தலைப்பொறுப்பாகி விடுகின்றது. இவ்வாறு எதிர்பாராது காவலராயினார்க்கும், இனி ஆகவிருக்கும் மேல்வகுப்பு மாணவர்க்கும் பயன்படுமாறு, இத்துறையிற் பல்லாண்டு உழன்று யாம் கண்ட சிலவற்றை இம்மலரின்கண் எழுதத் துணிந்தோம்.

வழங்கி, அதாவது சேர்வர், என்பது மந்திரப் பொருளன்று. மேசைதோறுமுள்ள கணினிகள் வேண்டும் கோப்புக்களையும் கணக்குக்களையும் ஓரிடத்தில் வைத்துக் கேட்பார்க்கு வழங்குதலே அதன் தொழில். ஒருவரது மேசைக் கணினி பழுதுற்றால் ஒருவர் வேலை கெடும். வழங்கி பழுதுற்றால் நிலையம் முழுவதும் கைகட்டி இருக்கும்.

பிழை நேர்ந்தவிடத்துப் பெரும்பாலார் முதலிற் செய்வது கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குதல். இது பலவேளைகளிற் பலிக்கும். பலிக்கின்றமையே இதன் கேடு. நிறுத்திய கணத்தில் நினைவகத்திலிருந்த தடயங்கள் அழிந்துபோம். நோய் மறைந்ததேயன்றி அதன் காரணம் அறியப்படவில்லை; அடுத்த கிழமை அது மீண்டும் வரும். ஆதலின் கைவைக்குமுன் சில வினாக்களை வினவுதல் வேண்டும். இத்துன்பம் ஒருவர்க்கா, எல்லார்க்குமா? எப்பொழுது தொடங்கிற்று? அதற்குச் சற்று முன்னர் யாது மாற்றப்பட்டது? இறுதி வினாவிற்கு, "ஒன்றும் மாற்றவில்லை, ஐயா" என்னும் விடையே எஞ்ஞான்றும் கிடைக்கும். அதனை அப்படியே நம்புதல் கூடாது. ஒரு கந்தோரில் வலையமைப்பு முழுவதும் ஒருநாட் காலை தொடக்கம் நின்றுபோக, யாம் நான்கு மணி நேரம் வழங்கியையே ஆராய்ந்து களைத்தோம். முதல்நாள் மாலை மேசைகளை இடம் மாற்றிய ஒருவர், தொங்கிக் கிடந்த வடமொன்றைக் கண்டு, நல்லெண்ணத்துடன் அதன் இரு முனைகளையும் ஒரே சுவிச்சிற் செருகிவிட்டிருந்தார். அனுப்பிய செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகி வலையமைப்பை அடைத்துவிட்டது. மேசைகளை மாற்றியதைக் கணினியில் மாற்றஞ் செய்ததாக அங்கு எவரும் கருதவில்லை.

"இணையம் வேலை செய்யவில்லை" என்னும் முறைப்பாட்டைக் கீழிருந்து மேலாக ஆராய்தல் நன்று. வடஞ் செருகிய இடத்தில் விளக்கு எரிகின்றதா? கணினிக்கு முகவரி எண் கிடைத்துளதா? ரூட்டரை அவ்வெண்ணால் அழைத்தால் மறுமொழி வருகின்றதா? எண்ணால் அழைக்க வருவது பெயரால் அழைக்க வராதாயின், குற்றம் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் ஒழுங்கில் உள்ளது. இஃது எளியதென எண்ணற்க. 2021 ஆம் ஆண்டு ஒற்றோபர் 4 ஆந் தேதி பேஸ்புக் நிறுவனம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகிற்குக் காணாமற் போயிற்று. பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் தரவு நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையைத் துண்டித்தது. அதன் பயனாகப் பெயர்வழங்கிகள் தம்மை அடையும் வழிகளை இணையத்திலிருந்து தாமே மீட்டுக்கொண்டன. பிழையைத் திருத்தும் கருவிகளும் அதே வலையை நம்பியிருந்தமையால், பொறியியலாளர் நேரிற் சென்று கட்டடத்தினுள்ளே புக வேண்டியதாயிற்று. கந்தோரின் வழங்கி வீழ்ந்தாற் பார்க்கவேண்டிய குறிப்புக்கள் அந்த வழங்கியிலேயே இருப்பது எத்துணைப் பேதைமை என்பதை மாணவர் இதனால் உணரலாம்.

வன்தட்டு நிரம்புதல் இன்னொரு பொதுநோய். தட்டில் இடமில்லையெனின் தரவுத்தளம் நிற்கும், மின்னஞ்சல் நிற்கும், சிலவேளை உள்நுழைதலும் நிற்கும். திரையில் தோன்றும் செய்தியோ வேறொன்றைக் கூறி நம்மை மயக்கும். லினக்ஸ் இயங்குதளத்திற் பெரிய பதிவுக் கோப்பொன்றை அழித்த பின்னரும் இடம் மீளாதிருத்தலைக் கண்டு திகைப்பார் உளர். யாதாயினும் ஒரு செயலி அக்கோப்பைத் திறந்து வைத்திருக்குமாயின், பெயர் மறைந்தாலும் இடம் விடுபடாது. அச்செயலியை நிறுத்தித் தொடங்கிய பின்னரே விடுபடும். மைக்ரோசொப்ட் எஸ்.கியூ.எல். சேர்வரில், முழுமீட்பு முறையில் வைக்கப்பட்ட தரவுத்தளத்தின் நடவடிக்கைப் பதிவானது, அப்பதிவிற்கென ஒரு காப்புப்பிரதி எடுக்கப்படும் வரையும் வளர்ந்துகொண்டேயிருக்கும். தட்டை மாற்றிப் பெரிதாக்குவது இதற்கு மருந்தாகாது. 

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் வலையமைப்புக்களில் ஆளை அடையாளங் காணும் கேர்பெறோஸ் முறையானது, இயல்பான அமைப்பில், இரு கணினிகளின் கடிகாரங்கள் ஐந்து நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால் அனுமதி மறுக்கும். கடவுச்சொல் சரியாயிருக்க உள்நுழைய முடியாதென்பார் வந்தாற் கடிகாரத்தைப் பார்க்க. தாய்ப்பலகையிலுள்ள காசளவான சிறு பற்றரி தீர்ந்திருத்தல் கூடும்.

இனி மின்சாரம். இந்நாட்டிற் கணினி பேணுவார் இதனை மறத்தல் இயலாது. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டுக் கண்டோம். 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் தேதி நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனமைக்குப் பாணந்துறைத் துணைமின்நிலையத்திற் குரங்கொன்று மின்மாற்றியிற் பட்டமையே காரணமென அமைச்சர் கூறினார். அனுமான் இலங்கைக்கு வந்து செய்த வேலை இன்னும் முடியவில்லைப் போலும். யூ.பி.எஸ். என்னும் கருவி உண்டென்று அமைதி கொள்வார் அதன் பற்றரியின் வயதை அறியார். மூடிய ஈயப் பற்றரி 25 பாகை வெப்பநிலையில் மூன்று முதல் ஐந்தாண்டு வரை உழைக்கும். வெப்பம் ஏறக்குறையப் பத்துப் பாகை உயர, அதன் ஆயுள் பாதியாகக் குறையும். வளியூட்டமில்லாத சிறிய அறையில், எமது பங்குனி சித்திரை வெயிலில், அஃது எவ்வளவு உழைக்கும் என்பதைக் கணித்துக்கொள்க. யூ.பி.எஸ். வேலை முழுவதையும் தொடர்வதற்கு அமைந்ததன்று. மின்பிறப்பாக்கி தொடங்கும் வரையும், அன்றேல் வழங்கி ஒழுங்காக மூடப்படும் வரையும், அவகாசந் தருவதே அதன் கடமை. ஆதலின் அதனையும் வழங்கியையும் செய்திவடத்தால் இணைத்து, பற்றரி குறைந்தவுடன் வழங்கி தானே மூடுமாறு அமைத்தல் வேண்டும். அமைத்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரிலுள்ள ஆளியை அணைத்து, நிகழ்வதை நேரிற் காண்க.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, காப்புப்பிரதியைப் பற்றியே யாம் மிகுதியாக எழுத விரும்புகின்றோம். பழுதான பொறியை விலைக்கு வாங்கலாம். போன கணக்கை வாங்கவியலாது.

யாழ்ப்பாணத்து மொத்த வியாபார நிலையமொன்றில் எம்மிடம் பயின்ற இளைஞரொருவர் கணினிப் பொறுப்பாளராயிருந்தார். வழங்கியில் மூன்று வன்தட்டுக்கள் றெயிட் முறையில் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று பழுதுபட்டாலும் ஏனைய இரண்டும் வேலையை நடத்தும். அதற்கு மேலும், இரவுதோறும் கணக்குத் தரவுத்தளம் வெளித்தட்டொன்றிற் பிரதி செய்யப்பட்டது. காலைதோறும் "முடிந்தது" என்னும் செய்தி வந்தது. ஒருநாள் வழங்கி எழவில்லை. சென்று பார்த்தோம். மூன்று தட்டுக்களுள் ஒன்று பல மாதங்களுக்கு முன்னரே இறந்து, மஞ்சள் விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. வழங்கி நின்ற அலுமாரியின் கதவு மூடியிருந்தமையால் ஒருவருங் கண்டிலர். இப்பொழுது இரண்டாவதும் இறந்தது. வெளித்தட்டைத் திறந்தோம். கணக்குக் கோப்பு இருந்தது. அதன் தேதி ஏழு மாதத்திற்கு முந்தியது. முதன்முதற் கணக்கு மென்பொருளை மூடிவைத்துக் கையாற் பிரதி செய்த நாளின் கோப்பு அது. அதன்பின் ஒவ்வோர் இரவும் தரவுத்தளம் திறந்திருந்தமையாற் பிரதி செய்யும் மென்பொருள் அதனைத் தாண்டிச் சென்று, எஞ்சியவற்றைப் பிரதி செய்து, "முடிந்தது" என அறிவித்து வந்திருக்கின்றது.

கார்பன் தாள் வைத்து எழுதிய பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் இருந்தமையால் அந்நிலையம் தப்பிற்று. எழுதுவினைஞர் ஐவர் இரண்டு மாதம் இரவில் விழித்திருந்து ஏழு மாதக் கணக்கை மீளப் பதிந்தனர். முதலாளி அவ்விளைஞரை நீக்கக் கருதினார். யாம் சென்று, பிழையிற் பாதி எம்முடையது என்றோம். அது முகத்தாட்சணியத்திற்குக் கூறியதன்று. பிரதி எடுக்குமாறு யாம் அவருக்குக் கற்பித்தோம். எடுத்த பிரதியிலிருந்து மீட்டுப் பார்க்குமாறு ஒருபோதுங் கற்பித்திலோம்.

பெரியோரும் இவ்வழியில் வழுக்கியுள்ளனர். 2017 ஆம் ஆண்டு சனவரி 31 ஆந் தேதி கிற்லாப் நிறுவனத்தின் பொறியியலாளரொருவர், துணைத் தரவுத்தள வழங்கியில் அழிக்க வேண்டியதை முதன்மை வழங்கியில் அழித்துவிட்டார். காப்புப்பிரதிகளைத் தேடியபொழுது, நாடோறும் எடுக்கும் பிரதி, மென்பொருட் பதிப்புக்கள் பொருந்தாமையால் எடுக்கப்படாதிருந்தது தெரியவந்தது. தவறை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் சேர்ந்தில. வேறொரு தேவைக்காக அப்பொறியியலாளரே ஆறு மணி நேரத்திற்கு முன்னர் எடுத்துவைத்த ஒரு பிரதியே கைகொடுத்தது. நிறுவனம் நிகழ்ந்தவற்றையெல்லாம் மறையாது வெளியிட்டமை பாராட்டத்தக்கது. எமது நாட்டிலோ, 2023 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் அரசாங்க மின்னஞ்சல் வழங்கியைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கிற்று. ஏறக்குறைய 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஆகத்து 26 வரையுள்ள கடிதங்கள் இழக்கப்பட்டன. அங்கு இயங்கிய மென்பொருட் பதிப்பிற்கு அதனை ஆக்கியோரின் ஆதரவு அவ்வாண்டு ஏப்பிரலிலே முடிந்திருந்தது.

றெயிட் காப்புப்பிரதியன்று. தட்டொன்று பழுதுபடின் அது காக்கும். ஒருவர் தவறி அழித்தால் எல்லாத் தட்டிலும் ஒரு கணத்தில் அழிக்கும். மூன்று பிரதி, இருவகைப் பொருளில், ஒன்று வேறிடத்தில் என்னும் வழக்கத்தைக் கைக்கொள்க. அவற்றுள் ஒன்றாயினும் வலையமைப்போடு தொடர்பற்றிருத்தல் வேண்டும். 2017 ஆம் ஆண்டு சூன் 27 ஆந் தேதி நொட்பெட்யா என்னும் தீநிரல் மேர்ஸ்க் கப்பற் கம்பனியைத் தாக்கியபொழுது, பயனர் பட்டியலைத் தாங்கும் வழங்கிகள் உலகெங்கும் அழிந்தன; கானா நாட்டில் ஒன்று மாத்திரம் எஞ்சிற்று. அவ்வேளை அங்கு மின்சாரம் நின்றிருந்தது. மின்வெட்டை வாழ்த்த வேண்டிய சந்தர்ப்பம் யாமறிந்தவரை இஃதொன்றே.

அத்தீநிரல் பரவிய வழிகளுள் ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் மூன்று மாதம் முன்னரே வெளியிட்டிருந்தது. ஆயின் வருந் திருத்தங்களையெல்லாம் வந்தவுடன் ஏற்றல் தக்கதோவெனின், அதுவும் அன்று. 2024 ஆம் ஆண்டு யூலை 19 ஆந் தேதி கிரௌட்ஸ்ட்ரைக் என்னும் காவல் மென்பொருளின் பிழையான இற்றைப்படுத்தற் கோப்பொன்று ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்திற்று. முதலில் இரண்டொரு கணினியில் இட்டு, ஓரிரு நாட் பார்த்து, பின்னர் ஏனையவற்றில் இடுதலே எமது வழக்கம். அப்பெருவீழ்ச்சியில் இன்னொன்றுங் கண்டோம். பிட்லொக்கர் என்னும் பூட்டிட்ட கணினிகளைத் திருத்த 48 இலக்க மீட்பெண் வேண்டியிருந்தது. அவ்வெண்ணைத் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைத்தவர் அன்று விரைவில் வீடு சென்றிருப்பர்.

தாளைக் குறித்தமையால் ஒன்று கூறி அமைவாம். வழங்கியின் அருகே தடித்த அட்டைப் பயிற்சிப் புத்தகமொன்று நூலிற் கட்டித் தொங்குதல் வேண்டும். மாற்றிய தேதி, மாற்றியவர், மாற்றியது, மீளப் பழையவாறு ஆக்கும் வழி ஆகியன அதில் எழுதப்படல் வேண்டும். மேற்கூறிய வியாபார நிலையத்தில் அத்தகைய புத்தகம் இப்பொழுது உண்டு. மாதந்தோறும் முதற் சனிக்கிழமை அவ்விளைஞர் வெளித்தட்டிலிருந்து கணக்குத் தரவுத்தளத்தை வேறொரு கணினியில் மீட்டெடுக்கின்றார். கணக்காளர் தாம் விரும்பிய ஒரு பற்றுச்சீட்டு எண்ணைக் கூறி, அது திரையில் தோன்றக் கண்டபின் கையொப்பமிடுகின்றார். அலுமாரியின் கதவைக் கழற்றிவிட்டனர்.